கச்சேரிக்கு அடியில் ஒரு குரல்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வானொலி நிலையத்தில் அவருக்கு டேப்பம்மா என்று பெயர். ஒலிநாடாக்களை வைத்திருக்கும் அறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம். அவர் அறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. அலமாரி மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு, எது வந்தாலும் கேட்டபடி பாத்திரம் தேய்ப்பேன். அண்ணி அப்படி இல்லை. பதினோரு வருஷம் சாஸ்திரிய சங்கீதம் முறையாகப் படித்தவர். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சாதகம் செய்வார். வெளியே வரும்போது என் ரேடியோவில் சினிமாப் பாட்டோ மெல்லிசையோ ஓடினால் முகம் சுளிப்பார்.

"பாட்டா இது? பல்லு விளக்கறப்போ வர்ற சத்தம் மாதிரி இருக்கு."

"பல்லு விளக்காம இருக்க முடியுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு நான் ஒலியைக் குறைப்பேன். என் கணவர் எங்கள் இருவருக்கும் நடுவே செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சுளிப்புக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. இருபத்து மூன்று வயதில் அண்ணி அதே வானொலி நிலையத்தில் பாடகிக்கான குரல் தேர்வுக்குப் போயிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஏழு நிமிஷம் பாடியதும் போதும் என்று கை காட்டினார்கள். 'இலக்கணம் சுத்தம். குரலில் ஈர்ப்பு போதாது' என்று கடிதம் வந்தது. ஐந்தே சொல். ஆறு மாதம் கழித்து அங்கேயே ஒலிநாடா அறைக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பம் போட்டுச் சேர்ந்துவிட்டார். தன்னைப் பாட விடாத இடத்தில், பாடியவர்களின் குரல்களுக்குக் காவல் இருக்கிற வேலை.

அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. வெயில் காலத்திலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டிய குளிர். இரும்பு அடுக்குகளில் அட்டைப் பெட்டிகள் புத்தகம் மாதிரி நின்றன. மேஜையில் இரண்டு ரப்பர் முத்திரைகள். ஒன்றில் 'நிரந்தரம்', மற்றதில் 'அழிக்கலாம்'. சாஸ்திரிய சங்கீதம் என்றால் கேள்வியே இல்லை, நிரந்தரம். மெல்லிசை, நேயர் நிகழ்ச்சி, வேடிக்கைப் பேச்சு எல்லாவற்றையும் மூன்று மாதம் வைத்திருந்து அழித்துவிட்டு, நாடாவை மறுபடி உபயோகிப்பார்கள். புது நாடா எப்போதும் தட்டுப்பாடு. அழிப்பதற்கு ஒரு காந்தப் பெட்டி இருந்தது. நாடாச் சுருளை அதன் மேல் வைத்து, மெதுவாகச் சுற்றி, ஒரு கை தூரம் நிதானமாக விலக்கி எடுத்த பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய சத்தம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். கைக்கடிகாரத்தோடு கிட்டே போனால் கடிகாரம் செத்துப்போகும். அதனால் அண்ணி கடிகாரமே கட்ட மாட்டார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். 'நேயர் குரல்' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து நிமிஷ நிகழ்ச்சி ஒன்று வரும். வேலைக்குப் போகிற சாதாரண ஜனங்கள் வந்து பாடுவார்கள். அன்றைக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி வெளுக்கிற ஒரு பெண் பாடினாள். அவளும் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து கட்டிய பாட்டு என்று அறிவிப்பாளர் சொன்னார்.

'விளக்கை அணைக்காதே, வழியில்தான் இருக்கேன்' என்று தொடங்கியது. பக்கவாத்தியம் எதுவும் இல்லை. யாரோ மேஜையைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டது மறந்து நான் அப்படியே நின்றேன். தொட்டி நிரம்பித் தண்ணீர் காலில் வழிந்த பிறகுதான் சுரணை வந்தது.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த அண்ணி டீக் கோப்பையை வைத்தார். "சுருதி விலகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு இருபத்திரண்டு வருஷம் தெரியாது. பின்னால் அவர் வாயாலேயே கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்பது வாரம் கழித்து ஒரு பெரிய வித்வான் ஊர் வழியாகப் போகிறார், மத்தியானம் நிலையத்துக்கு வந்து பாட ஒப்புக்கொண்டார் என்று தகவல் வந்தது. ஒலிப்பதிவுக்கு உடனே நாடா வேண்டும். புதியது கைவசம் இல்லை. அழிக்கத் தேதி கடந்த நாடாக்கள் நான்கு இருந்தன: ஒரு வினாடி வினா, ஒரு மாடு வளர்ப்புப் பேச்சு, இரண்டு நாடகங்கள். அண்ணி அவற்றைத் தொடவில்லை. இன்னும் மூன்று வாரம் பாக்கியிருந்த சலவைக்காரப் பெண்ணின் நாடாவை எடுத்தார். அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டார். பிறகு 'அழிக்கலாம்' முத்திரையைக் குத்தி, காந்தப் பெட்டியில் வைத்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒலிப்பதிவாளர் கதவைத் தட்டினார். நாடாவைச் சட்டென்று இழுத்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்த மத்தியானம் வித்வான் பாடியது நிலையத்தின் சரித்திரத்திலேயே பெரிய கச்சேரி என்று இன்றும் சொல்கிறார்கள். அண்ணியும் அதைத்தான் சொல்வார். கண்ணாடிக்குப் பின்னால் நின்று கேட்டபோது, செய்தது சரிதான் என்று தோன்றியதாம்.

எட்டாம் நாள் வரவேற்பு அறை ஜன்னலில் ஒரு ஆள் வந்து நிற்கிறான் என்று அண்ணியைக் கூப்பிட்டார்கள். தோளில் இரண்டு வயசுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ரெண்டு மாசம் முன்னாடி என் பொண்டாட்டி இங்க வந்து பாடினா. நாலு நாள் காய்ச்சல்ல போயிட்டா. வீட்டுல ஒரு போட்டோ இருக்கு. குரல் இல்லை. அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை கேக்க முடியுமா?"

அண்ணி குனிந்து பதிவேட்டைப் புரட்டினார். "தலைமை நிலையத்துக்கு அனுப்பியிருக்காங்க. அடுத்த மாசம் வந்து பாருங்க" என்றார்.

அவன் அடுத்த மாதம் வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, அவனும் வேலை பார்த்த அந்தச் சலவைக்கூடத்துக்கு விடுமுறை நாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். குழந்தை வளர்ந்து, கையைப் பிடித்து நடந்து வர ஆரம்பித்தது. பதினான்கு மாதம் அதே பதிலைச் சொன்னார் அண்ணி. அவன் ஒருநாள்கூடச் சத்தம் போட்டதில்லை. "சரிங்கம்மா, பெரிய ஆபீஸ், நேரமாகும்தான்" என்பான். பதினைந்தாவது மாதம் வரவில்லை.

வீட்டில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த வருஷத்திலிருந்து அண்ணி காலைச் சாதகத்தை விட்டுவிட்டார். கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றார். கச்சேரிகளுக்குப் போவதும் நின்றது. சில நாள் உட்கார்ந்திருக்கும்போதே தலையைத் திருப்பி எதையோ கேட்பார். குளியலறைக் குழாயை மூடு என்பார். அது மூடித்தான் இருக்கும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் விறுவிறுவென்று சமையலறை வாசல்வரை வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். "என்ன அண்ணி?" என்றால், "ஒண்ணுமில்லை." காதுக்கோளாறு என்று நான் நினைத்தேன். டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, இவ்வளவு கூர்மையான காது இந்த வயதில் அபூர்வம் என்று பாராட்டி அனுப்பினார்.

அண்ணி ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது நிலையத்தில் பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். அதற்கென்று ஒரு பெண் பொறியாளர் வந்தாள். முதலில் ஏற்றியது அந்த வித்வானின் கச்சேரியைத்தான். வித்வான் காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் நினைவாகக் குறுந்தகடாக வெளியிடுவதாகத் திட்டம்.

மூன்றாம் நாள் பொறியாளர் அண்ணியைக் கூப்பிட்டாள். "மேடம், இதைக் கேளுங்க. ரெண்டாவது பாட்டு முடிஞ்சு வித்வான் தண்ணி குடிக்கறார். சுருதிப் பெட்டியையும் நிறுத்திட்டாங்க. அந்த அமைதியில பின்னாடி யாரோ பாடற மாதிரி இருக்கு. பழைய பதிவு சரியா அழியலைன்னு நினைக்கிறேன்."

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பொறியாளர் ஒலியைக் கூட்டினாள். முதலில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அதற்கு அடியில், ரொம்ப ஆழத்தில், மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருகிற மாதிரி ஒரு பெண் குரல். பதினோரு வினாடி. வித்வான் டம்ளரை வைக்கிற சத்தம் வந்ததும் அது மறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. யாரோ எழுதிக் கொடுத்த அறிக்கையை வாசிக்கிற மாதிரி சொன்னார்.

"எந்தப் பாட்டு அண்ணி?"

"நீ மறந்திருப்பே. சலவைக்காரப் பொண்ணு ஒருத்தி..."

நான் யோசிக்காமல் அந்த முதல் அடியை முணுமுணுத்தேன். அண்ணியின் முகம் வெளிறிப்போனது.

"நீயா?"

"என்ன நானா?"

"இத்தனை வருஷமா இந்தச் சுவருக்குப் பின்னாலேர்ந்து அது வரும். ஓடி வந்து பார்த்தா நீ பாத்திரம் தேய்ச்சிட்டு இருப்பே. வாய் மூடியிருக்கும். எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டேன்."

 நான் பாடுகிறேன் என்று எனக்கே தெரியாது. கை வேலையில் இருக்கும்போது வாய் தன்பாட்டில் எதையோ முனகும், யார் கவனிக்கிறார்கள்? இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் என்னை அறியாமல் அவரை விரட்டியிருக்கிறேன்.

"அப்போ ஆபீஸ் நாடாவுல கேட்டது?" என்று கேட்டேன்.

"அது அவங்களேதான்" என்றார் அண்ணி. அங்கே நான் இல்லையே.

மறுவாரம் நிலைய இயக்குநர் அறைக்கு வித்வானின் மகன் வந்திருந்தார். அவரும் பாடகர். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

"எங்கப்பா வாழ்நாள் பூரா ஒரு மெல்லிசை மேடை ஏறினதில்லை. அவர் கச்சேரிக்கு அடியில எவளோ ஒருத்தி பாடறதா? சுத்தம் பண்ணிட்டுத்தான் வெளியிடணும்."

"எவளோ ஒருத்தி இல்லைங்க" என்றார் அண்ணி. "அந்த நாடாவுல முதல்ல இருந்தது அவங்க. உங்கப்பா பிறகு வந்தவர்."

"டேப்பம்மா, போற நேரத்துல வம்பு எதுக்கு?" என்றார் இயக்குநர்.

மகன் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க சங்கீதம் படிச்சவங்கன்னு சொன்னாங்க. நீங்களே சொல்லுங்கம்மா. ரெண்டும் ஒண்ணா?"

அண்ணி எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "ஒண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அந்தக் கச்சேரி நிஜமாவே பெரிய கச்சேரி. ஐம்பது வருஷ உழைப்பு அது. அதுதான் கஷ்டம். அது மட்டமா இருந்திருந்தா தப்புப் பண்ணிட்டேன்னு நான் அழுதுட்டுப் போயிருப்பேன். ஆனா அதுக்கு இடம் கொடுக்க இதை அழின்னு சங்கீதம் கேக்கலை. வித்வான் கேக்கலை. நான்தான் பண்ணினேன்."

சுத்தம் செய்தார்கள். அடியில் இருந்த குரலை நீக்க முதலில் அதைத் தனியே பிரித்து எடுக்க வேண்டுமாம். பிரித்ததைப் பொறியாளர் தூக்கிப் போடாமல் அண்ணியின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள். அங்கங்கே இருந்த இடைவெளிகளையெல்லாம் சேர்த்து நாற்பது வினாடி. துண்டு துண்டாக, பாதிச் சொற்கள் தெரியாமல்.

அந்தக் குழந்தையைத் தேடுவது நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. சலவைக்கூடம் அதே இடத்தில்தான் இருந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வயதான அம்மாள் பெயரைக் கேட்டதும் தலையாட்டினாள். பாடினவளின் புருஷன் செத்து மூன்று வருஷம் ஆயிற்று. மகள் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள் என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் நானும் அண்ணியும் போனோம். அவள் உள்ளறையில் பார்வை சோதிப்பவள். இருபத்து நான்கு வயசு, வெள்ளைக் கோட்டு, நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். சோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்து அண்ணியை உயர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகக் குறைந்துகொண்டே போகும் எழுத்து அட்டை. அந்த நாற்காலியிலிருந்தே அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு நாற்பது வினாடியைக் கேட்டாள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக் கேட்டாள்.

"எனக்கு அவங்க குரல் தெரியாது" என்றாள். "அம்மாதான்னு நீங்க சொல்றீங்க. சரி." இயர்போன் ஒயரை விரலில் சுற்றியபடி, "அப்பா தலைமை நிலையத்துக்குக் கடிதம் எழுதிட்டே இருந்தார். வருஷத்துக்கு ரெண்டு. சாகற வருஷம்வரைக்கும். எதுக்காக அப்படிச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

"அழிச்சது?"

நாற்காலியின் கைப்பிடியை அண்ணி இறுக்கிப் பிடித்திருந்தார். "பொறாமை. பதினோரு வருஷம் படிச்சும் எனக்கு வராதது உங்கம்மாவுக்குத் துணி துவைச்சுக்கிட்டே வந்திருந்தது. சுருதி விலகுதுன்னு வீட்டுல சொன்னேன். மூணு தடவை கேட்டேன். ஒரு இடத்துலகூட விலகலை."

அந்தப் பெண் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு: "முழுப் பாட்டு யாருக்காவது தெரியுமா?"

நான்தான் முந்திரிக்கொட்டை. எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்து, என் கட்டைத் தொண்டையில் இரண்டு அடி பாடினேன். மூன்றாவது அடியில் எங்கோ தப்பினேன் போலிருக்கிறது. அண்ணி தன்னை அறியாமல் திருத்தினார். திருத்தியவர் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பாடாத குரல் முதலில் கரகரத்தது, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டது. நாலே முறை கேட்டதை அந்தப் படித்த காது நெளிவு சுளிவு மாறாமல் வைத்திருந்தது. எங்கே மூச்சு விட்டாளோ அங்கே மூச்சு, எங்கே சொல்லை இழுத்தாளோ அங்கே இழுப்பு. என் கை மயிர் கூச்செறிந்தது. எதற்காக இந்தக் குரலைப் போதாது என்றார்கள் என்று நினைத்தேன்.

"நிறுத்துங்க" என்றாள் அந்தப் பெண்.

அண்ணி நிறுத்தினார்.

அவள் இயர்போனை மறுபடி மாட்டி அந்த நாற்பது வினாடியைக் கேட்டாள். முகம் மாறியது. கழற்றி மேஜையில் வைத்தாள். "இப்ப இதுல உங்க குரல்தான் கேக்குது. சொல்லு தெரியாத இடத்துலயெல்லாம் நீங்க பாடினது வந்து உக்காந்துக்குது. கொஞ்ச நேரம் முன்னாடி அங்க வேற யாரோ இருந்தாங்க."

 வெளியே கடைக்காரர் யாரிடமோ பிரேம் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றாள், மரியாதையாகத்தான்.

தெருவில் நூறு அடி நடந்த பிறகு அண்ணி நின்றார். "ரெண்டாவது தடவையும் நானே அழிச்சுட்டேன்" என்றார். அவரை ஒரு கடைப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். 

குறுந்தகடு வெளிவந்தது. நல்ல பெயர். நிலையத்திலிருந்து அண்ணிக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள், அவர் பெயரையும் நன்றியில் அச்சடித்து. என் கணவர் அதைப் போட்டபோது வித்வான் தண்ணீர் குடிக்கிற இடம்வரை அண்ணி உட்கார்ந்து கேட்டார். அங்கே இப்போது ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி அமைதி. எழுந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன். "பாட வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. வரிகளை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்க. சுரம், தாளம் எதுவும் போட வேண்டாம். நான் படிச்சுக்கறேன்" என்றாள்.

அண்ணி கோடு போட்ட தாளில், பெட்டி அட்டைகளில் எழுதுகிற அதே அச்செழுத்தில், அடி அடியாக எழுதினார். இரண்டாம் சரணத்தில் ஒரு இடத்தில் பேனா நின்றது. 'வாசல்ல நிக்கிற' என்று இருக்கிறது, அடுத்து 'சொல்லு' என்று இருக்கிறது, நடுவில் ஒரு சொல் போய்விட்டது. மெட்டு இருந்தது, சொல் இல்லை. மூன்று நாள் யோசித்தார். நானும் யோசித்தேன். எனக்கு அந்தச் சரணமே நினைவில்லை.

"பிள்ளைகிட்டன்னு போடுங்களேன் அண்ணி. அளவு சரியா வருது."

"வருது" என்றார். எழுதவில்லை. ஒரு சொல்லின் அகலத்துக்குத் தாளில் வெற்றிடம் விட்டார். அதன் அடியில் கோடுகூடப் போடவில்லை. மீதியை எழுதி முடித்து, மடித்து, உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.